பங்குனி உத்திரத்தை மே மாதத்துக்கு மாற்றலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் குலதெய்வம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு குளத்தங்கரைச் சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு போய், இரண்டு நாள் தங்கிப் பொங்கலிட்டு வருவது வழக்கம். நான் அந்த வீட்டு மருமகள். கோவையில் பள்ளி ஆசிரியை. கோயில் வரிக் கணக்கு என் கையில் இருக்கிறது. உத்திரம் எப்போதும் பொதுத்தேர்வு நேரத்திலேயே வருவதால் தலைக்கட்டில் (வரி கொடுக்கும் குடும்பங்களில்) பாதிப் பேருக்கு மேல் வர முடிவதில்லை. விழாவை மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கு மாற்றிவிடலாம் என்று கொழுந்தனாரும் அவர் வயதுப் பங்காளிகளும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். "சாமி நாளை மாற்ற நாம் யார்?" என்று மாமனார் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். இப்போது இரண்டு பக்கமும் என்னைக் கேட்கிறார்கள். கோயில் எங்கள் குடும்பக் கோயில்தான். அறநிலையத் துறையில் சேரவில்லை. தேதியை மாற்றுவது தப்பா? இதற்கு முன் யாராவது மாற்றியிருக்கிறார்களா? மாற்றினால் எந்த நாளை வைப்பது? வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில வருஷம் ஒருநாள் தள்ளி வருகிறதே, அதில் எதை எடுப்பது?
— ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். பஞ்சாங்கம் கணித்துக் கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வி ஏதாவது ஓர் ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் கேட்பவர் ஒரு கட்சியில் நின்றுகொண்டுதான் கேட்பார். நீங்கள் கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். எந்த வீடு வந்தது, எந்த வீடு வரவில்லை, ஏன் வரவில்லை என்பதெல்லாம் உங்களுக்குப் பெயர் பெயராகத் தெரியும். பேச்சை நீங்களே நடத்துவது நல்லது.

முதலில் கொழுந்தனார் பக்கம். அவர் சொல்லும் சிரமம் உண்மையானது. 2024-ல் பங்குனி உத்திரம் மார்ச் 25, திங்கட்கிழமை. மறுநாள் காலை பத்தாம் வகுப்புக்குத் தமிழ்த் தேர்வு. 2025-ல் உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. அன்றைக்கே பத்தாம் வகுப்புக்கு அறிவியல் தேர்வு. மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டாலும் பொதுத்தேர்வு நிற்காது. பங்குனி மார்ச் நடுவில் பிறந்து ஏப்ரல் நடுவில் முடிகிறது. தேர்வுக் காலமும் அதே முப்பது நாள்தான். பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கும் வழக்கம் மாறாத வரை இந்த மோதல் தீராது. பத்தாவது படிக்கும் பிள்ளை இருக்கிற வீடும், உங்களைப் போலத் தேர்வு அறைப் பணி போடப்பட்ட ஆசிரியரும் உத்திரத்துக்கு வராமல் போனால் அதைப் பக்திக் குறைவு என்று யாரும் சொல்லக் கூடாது.

இனி மாமனார் பக்கம். அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. தென்மாவட்டத்துக்காரருக்குப் பங்குனி உத்திரம் என்பது சாஸ்தாவின் பிறந்தநாள். சபரிமலையிலும் பங்குனி உத்திரத் திருவிழா நடந்து, உத்திரத்தன்று பம்பையில் ஆராட்டு (சாமியின் நீராட்டு) ஆகிறது. நெல்லை, தூத்துக்குடி, தென்காசிச் சீமை முழுக்க அன்று ஒவ்வொரு குடும்பமும் தன் சாஸ்தாவைத் தேடிப் போகிறது. ஆண்டு முழுக்க ஆளரவம் இல்லாத காட்டுக்கோயில்களில்கூட அன்றைக்கு அடுப்பு புகைகிறது. அத்தனை பேரும் ஒரே நாளில் போகிறார்கள் என்பதே அந்த நாளுக்கு ஒரு கனத்தைக் கொடுக்கிறது. மே மாத ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் குடும்பம் மட்டும் தனியாகப் போய் நின்றால் அந்தக் கனம் கூடவே வராது. மாமனார் வருந்துவது இதற்காக இருக்கலாம். வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் குழுவை விட்டு வெளியேறியிருக்கிறார்.

நாள் எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். உத்திரம் என்பது தேதி இல்லை. மாதமும் நட்சத்திரமும் சேர்ந்த ஒரு விதி. சூரியன் மீன ராசியில் இருக்கும் மாதம் பங்குனி. சந்திரன் சுமார் 27 நாளில் வானத்தை ஒரு சுற்று வருகிறது. அந்தச் சுற்றில் உத்திர நட்சத்திரத்தைத் தொடும் நாள், முழுநிலவை ஒட்டி வருவது, பங்குனி உத்திரம். மார்ச் கடைசியில் மாலை இருட்டியதும் கிழக்கே பார்த்தால் சிம்மத்தின் வால் நுனியில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் நிற்கும். அதுதான் உத்திரம். பங்குனியில் நிறைந்த நிலா அதன் பக்கத்தில் எழும்போது, நாட்காட்டியே இல்லாத ஒரு மேய்ச்சல்காரருக்கும் இன்று திருவிழா என்று தெரிந்துவிடும். தேவாரத்தில் சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் இந்த மாதிரி இணைகள் வரிசையாக வருகின்றன: மார்கழி ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம். ஏழாம் நூற்றாண்டிலேயே ஊரறிந்த விழா இது.

ஆனால் அதே பதிகத்தில் ஐப்பசி ஓணமும் இருக்கிறது. இன்று யாரிடமாவது ஐப்பசி ஓணம் என்று சொல்லிப் பாருங்கள், விழிப்பார்கள். ஓணம் என்றாலே நமக்கு ஆவணிதான். அதனால் "ஆதி முதல் எதுவுமே மாறவில்லை" என்று மாமனார் சொன்னால், அது சரியில்லை என்று பணிவாகச் சொல்லலாம். விழாக்கள் மாறியிருக்கின்றன, இடம் பெயர்ந்திருக்கின்றன, சில மறைந்தும் போயிருக்கின்றன. அவற்றில் எந்த மாற்றம் மக்கள் மனதில் நின்றது, எது நிற்கவில்லை என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நின்றதற்குப் பெரிய சாட்சி மதுரை. மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில் நடந்தவை. கள்ளழகர் சித்திரையில் மலையிலிருந்து இறங்கிச் சோழவந்தான் பக்கம் தேனூருக்குப் போய், அங்கே வைகையில் மண்டூக மகரிஷிக்குச் சாபவிமோசனம் கொடுத்துவந்தார். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மீனாட்சி கல்யாணத்தை மாசியிலிருந்து சித்திரைக்குக் கொண்டுவந்தார். அழகரின் பயணத்தையும் தேனூரிலிருந்து மதுரைக்குத் திருப்பினார். மாசி அறுவடை மாதம், குடியானவர்கள் வயலில் இருப்பார்கள், பெரிய தேரை இழுக்க ஆள் சேராது என்று ஒரு காரணம் சொல்வார்கள். உங்கள் குடும்பத்தின் காரணமும் ஏறக்குறைய இதுதான் என்பதைக் கவனியுங்கள். வேலைக் காலத்தில் வரமுடியாத ஜனத்துக்காகத் திருவிழாவை வேலை ஓய்ந்த காலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அதைச் செய்த விதத்தைப் பாருங்கள். மாசியை அவர்கள் வெறுமையாக விட்டுவிடவில்லை. மீனாட்சி கோயிலில் மாசி மண்டல உற்சவம் இன்றும் நடக்கிறது. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. எந்த மாதத்தில் தேர் ஓடியதோ அந்த மாதத்தின் பெயர் தெருவில் அப்படியே இருக்கிறது. தேனூரையும் கைவிடவில்லை. வண்டியூரில் மண்டூக மகரிஷிக்கு அழகர் மோட்சம் கொடுக்கும் மண்டபத்துக்குப் பெயர் தேனூர் மண்டபம். புதிய நாளைத் தேர்ந்தெடுத்ததிலும் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமி ஏற்கெனவே ஜனம் அறிந்த நாள். அதன் மேல் மீனாட்சி கல்யாணத்தைக் கட்டினார்கள். ஒரு புது நாளைக் கற்பித்து அதைப் பழக்க வேண்டிய அவசியம் வரவில்லை. முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மதுரைக்காரர் யாரும் அதை மாற்றிய விழாவாக நினைப்பதில்லை.

வெளியே நடந்த இரண்டையும் சொல்கிறேன், உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும். கிரேக்க நாட்டுத் திருச்சபை 1924-ல் பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டுத் திருத்திய நாட்காட்டிக்கு மாறியது. வானியல் கணக்குப்படி பார்த்தால் திருத்தம் சரியானதுதான். ஆனால் ஏற்க முடியாதவர்கள் பிரிந்து போனார்கள். பழைய நாட்காட்டிக்காரர்கள் என்ற பெயரில் அந்தப் பிரிவு நூறு ஆண்டு கழித்தும் இருக்கிறது. உக்ரைனில் 2023-ல் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-லிருந்து டிசம்பர் 25-க்கு வந்தது. அங்கே திடுதிப்பென்று மாற்றவில்லை. 2017-லிருந்தே இரண்டு நாளும் அரசு விடுமுறையாக இருந்தன. மக்கள் இரண்டையும் பார்த்துப் பழகிய பிறகு, போர்க்காலத்தில், சட்டமும் திருச்சபையும் புதிய நாளுக்கு நகர்ந்தன. பழைய நாளிலேயே கொண்டாட விரும்பும் பங்குகளுக்கு அனுமதியும் இருந்தது. போரும் ரஷ்யா மேல் இருந்த மனக்கசப்பும் அந்த மாற்றத்தைத் தள்ளின என்பது உண்மை. ஆனாலும் சில ஆண்டுகள் இரண்டு நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது பெரிய உதவி.

இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. மேகநாத் சாகா தலைமையில் 1952-ல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, நம் பஞ்சாங்கங்களின் ஆண்டு பருவ ஆண்டைவிடச் சுமார் 24 நிமிடம் நீளம், அதனால் விழாக்கள் பருவத்தை விட்டு நகர்ந்துகொண்டே போகின்றன என்று கணக்கோடு காட்டியது. கணக்கு அத்தனையும் சரி. 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் இன்றும் அச்சாகிறது. அதைப் பார்த்துப் பொங்கல் வைக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை. கணக்குச் சரியாக இருந்தால் மட்டும் மக்கள் திருவிழாவை மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பதற்கு என் தொழிலில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

சரி, உங்கள் கோயிலுக்கு வருவோம்.

என் ஆலோசனை இதுதான்: பங்குனி உத்திரத்தை எடுக்காதீர்கள். உத்திர பூஜை வேறு, குடும்பக் கூட்டம் வேறு என்று இரண்டாகப் பிரியுங்கள். இதுவரை இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் ஒன்று என்று நினைத்துவிட்டோம். உத்திரத்தன்று சாஸ்தாவுக்கு அபிஷேகம், மாலை, விளக்கு, ஒரு பானைப் பொங்கல். ஊரில் இருக்கிற வீடுகளும், வரமுடிந்த மூன்று நான்கு தலைக்கட்டுகளும் முறை வைத்து அதைச் செய்யட்டும். மாமனார் போன்றவர்கள் முன்னின்று நடத்தட்டும். 2020-ல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 6. நாடே ஊரடங்கில் இருந்தது. அந்த வருஷம் உங்கள் கோயிலில் என்ன நடந்தது என்று பூசாரியிடம் கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில் பூசாரி ஒருவர் மட்டும் போய் விளக்கேற்றி வந்தார். விழா நின்றுபோய்விட்டது என்று அந்த ஊர்களில் யாரும் சொல்லவில்லை. அதே வருஷம் மே 4-ம் தேதி மீனாட்சி கல்யாணமும் பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நடந்தது. நாளை விடாமல் கூட்டத்தைக் குறைப்பதற்கு வழியுண்டு என்று எல்லோரும் அப்போதே பார்த்துவிட்டோம்.

மொட்டை, காதுகுத்து, வரி வசூல், பங்காளிகள் கூடிச் சாப்பிடும் சாப்பாடு, பரிவார தெய்வங்களுக்குப் படைப்பு: இவற்றைக் கோடைக்குக் கொண்டுபோங்கள். நெல்லைச் சீமையில் சித்திரை, வைகாசியில் கொடை என்ற கோயில் விழா புதிதல்ல. ஆக, பழைய நாளைத் தள்ளிவைத்ததாகப் பேச்சு வராது. சாஸ்தா கோயிலுக்கு ஒரு கொடை சேர்கிறது, அவ்வளவுதான்.

எந்த நாள்? இங்கேதான் கொழுந்தனாரோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. மே இரண்டாம் ஞாயிறு என்பதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் மாமனார் காதில் அது அலுவலகத் தேதியாக விழும். கொஞ்சம் தேடினால் அதே வாரக்கடைசியை நம் முறையிலேயே சொல்ல முடியும்.

வைகாசி விசாகத்தை யாராவது சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த நாள் என்பதால் முதலில் நானும் அதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024-ல் அது மே 22, சரியாக இருந்தது. 2025-ல் ஜூன் 9. ஜூன் 2-ம் தேதியே பள்ளி திறந்துவிட்டது. நட்சத்திரத்தை வைத்தால் தேதி ஒரு மாத அகலத்துக்கு ஆடும். நீங்கள் தப்பிக்க நினைக்கும் சிக்கல் வேறு கதவு வழியாகத் திரும்பி வரும். சித்ரா பௌர்ணமியும் அப்படித்தான்: 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12.

நம்மிடம் மாதமும் கிழமையும் சேர்ந்த விழாக்கள் ஏராளம். ஆடி வெள்ளி, ஆவணி ஞாயிறு, புரட்டாசிச் சனி, கார்த்திகைச் சோமவாரம். கிழமையை வைத்து நாள் குறிப்பது நம் கோயில் மரபுக்குள்ளேயே இருக்கிற முறை. சாஸ்தாவுக்கு உகந்த கிழமை சனி. அதனால் நான் சொல்வது: சித்திரை மாதக் கடைசிச் சனிக்கிழமை. சித்திரை மே 14 வாக்கில் முடியும். அப்படியானால் அந்தச் சனி பெரும்பாலும் மே 8-க்கும் 14-க்கும் இடையே விழும். மே இரண்டாம் ஞாயிறும் 8-க்கும் 14-க்கும் இடையேதான் விழும். பெரும்பாலான ஆண்டுகளில் கொழுந்தனார் கேட்கும் ஞாயிற்றுக்கு முந்தின நாள்தான் இந்தச் சனி. 2026-ல் மே 9, 2027-ல் மே 8, 2028-ல் மே 13. வெள்ளி இரவு ரயிலேறி, சனி கொடை முடித்து, ஞாயிறு புறப்பட்டால் திங்கட்கிழமை பணிக்குப் போய்விடலாம். அவர் கேட்ட வாரக்கடைசி அவருக்குக் கிடைக்கிறது. மாமனார் சொல்லக்கூடிய தமிழ் மாதமும் சாஸ்தாவின் கிழமையும் அதிலேயே இருக்கின்றன.

இதில் இன்னொரு நன்மை உண்டு. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் மருமகளாக உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உத்திரத்தன்று எல்லாக் குடும்பமும் அவரவர் சாஸ்தாவிடம் போவதால், கட்டிக்கொடுத்த பெண்கள் கணவர் வீட்டுக் கோயிலுக்குத்தான் போக முடியும். பிறந்த வீட்டுச் சாஸ்தாவை அன்று பார்க்கக் கொடுத்துவைக்காது. வருஷக்கணக்கில் பார்க்காத அத்தைமார்களும் நாத்தனார்களும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். சித்திரைக் கொடை என்று தனியாக ஒரு நாள் வந்தால் அவர்களை முறையாக அழைக்கலாம். என்னைக் கேட்டால் தேர்வுக் காரணத்தைவிட இதையே மாமனாரிடம் முதலில் சொல்லுங்கள். அவருடைய தங்கைகள் கோயிலுக்கு வருவார்கள் என்ற பேச்சு, விடுமுறை வசதி என்ற பேச்சைவிட அவர் மனதைத் தொடும்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். ஒவ்வொரு வருஷமும் "இந்த முறை எப்போது வைத்துக்கொள்ளலாம்" என்று குழுவில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். ஒரு வருஷம் மண்டபம் கிடைக்கவில்லை, ஒரு வருஷம் ஒருவருக்கு விடுப்பு இல்லை என்று நகர்த்த ஆரம்பித்தால், ஐந்தாறு வருஷத்தில் அது வசதிக்கு வைக்கும் கெட்-டுகெதர் ஆகிவிடும். பிறகு நின்றும் போகும். உங்கள் வீட்டு எட்டு வயதுப் பிள்ளையிடம் அடுத்த கொடை எப்போது என்று கேட்டால், யாரையும் கேட்காமல் "சித்திரை கடைசிச் சனி" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடிகிற விதி எதுவானாலும் எனக்குச் சம்மதம். அப்படிச் சொல்ல முடியாத எதையும் நான் ஆதரிக்க மாட்டேன். சிங்கப்பூரில் 1968-ல் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போயிற்று. ஆனாலும் அங்குள்ளவர்கள் பூசத்தை ஞாயிற்றுக்கு மாற்றவில்லை. முந்தின நாள் நள்ளிரவை ஒட்டியே காவடிகள் புறப்பட ஆரம்பிக்கும். மறுநாள் இரவு வரை போய்க்கொண்டே இருக்கும். வேலைக்குப் போகிறவர் விடியுமுன் முடித்துவிட்டுப் போகிறார். நாளை அசைக்காமல் நேரத்தை நீட்டினார்கள். உங்கள் உத்திர பூஜைக்கும் இதை யோசிக்கலாம். விடிகாலையில் ஒரு பூஜை, இரவில் ஒரு பூஜை என்று வைத்தால் பக்கத்து ஊர்களில் வேலை பார்ப்பவர்கள் வந்து கும்பிட்டுப் போக முடியும்.

வாக்கியமா திருக்கணிதமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாக்கியம் பழைய சூத்திரங்களைக் கொண்டு கணிப்பது; திருக்கணிதம் வானத்தில் இன்று கிரகம் நிற்கும் இடத்துக்கு ஒத்துப்போகும்படி திருத்திக் கணிப்பது. நட்சத்திரம் தொடங்கும் நேரத்தில் சில மணி வித்தியாசம் வரும். அது சூரிய உதயத்தை ஒட்டி விழுந்தால் நாளே மாறிவிடும். சனிப்பெயர்ச்சியில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிதாகும் என்று எல்லோரும் பார்த்தோம்: திருக்கணிதத்துக்கு 2025 மார்ச் 29, வாக்கியத்துக்கு 2026 மார்ச். திருநள்ளாறு வாக்கியப்படிதான் என்று கோயில் தரப்பே அறிவிக்க வேண்டியிருந்தது. வானத்தைப் பார்த்துச் சொல் என்றால் நான் திருக்கணிதத்தைச் சொல்வேன். கோயிலுக்கு எது என்றால், அந்தக் கோயில் இதுவரை எதைப் பார்த்ததோ அது. பழைய பூசாரி எந்தப் பஞ்சாங்கம் வைத்திருந்தார் என்று கேளுங்கள், அதையே தொடருங்கள். ஒரு வருஷம் இது, ஒரு வருஷம் அது என்று வசதிக்கு மாற்ற வேண்டாம். சித்திரைச் சனிக்கு இந்தத் தொல்லை அனேகமாக வராது. மாதப்பிறப்பே சனிக்கிழமையில் விழுந்து இரண்டு பஞ்சாங்கமும் வேறு வேறு நாள் சொன்னால் மட்டும் வரும். அப்போதும் கோயில் பஞ்சாங்கம் சொல்வதே முடிவு.

சட்டம் பற்றி இரண்டு வரி. குடும்பக் கோயில், துறையில் சேராதது என்கிறீர்கள். அதனால் முடிவு உங்கள் பங்காளிகளுடையது. இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயிலில் அறங்காவலர் நினைத்தால் மட்டும் விழா நாளை மாற்றிவிட முடியாது. வழக்கப்படி நடத்துவது அவர் கடமை. வழக்கம் எது என்பதில் தகராறு வந்தால் 1959-ம் ஆண்டுச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி துறை அதிகாரி முன்பு போகும்.

எப்படிப் பேசுவது என்பதில் கவனமாக இருங்கள். வாட்ஸ்அப்பில் முடிவு செய்யாதீர்கள். அடுத்த உத்திரத்துக்கு ஊருக்குப் போகும்போது கோயில் வாசலில் உட்கார்ந்து பேசுங்கள். வரமுடியாத வீடுகளிடம் முன்பே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். மாமனாரைக் குழுவுக்குத் திரும்ப அழைக்க வேண்டாம். கொழுந்தனார் நேரில் போய் அவரிடம் பேசட்டும். இதை அவர் செய்தே ஆக வேண்டும், உங்களைத் தூது அனுப்பக் கூடாது. பூசாரியிடமும் பேசுங்கள். அவருக்குச் சித்திரைக் கடைசியில் வேறு கோயில் கொடை இருக்கலாம். மேளக்காரர், வில்லுப்பாட்டு, பந்தல் எல்லாம் அந்த மாதத்தில் சீக்கிரம் பதிவாகிவிடும். கோயிலில் உரிமையுள்ள வேறு சமுதாயத்துக் குடும்பங்கள் இருந்தால் அவர்களையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள். பிறகு தகவல் சொல்வது மரியாதை ஆகாது.

பூக்கட்டிப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். பார்க்கலாம். ஆனால் மனிதர்கள் ஒத்துப்போன பிறகு, சாமியிடம் உத்தரவு கேட்பதற்காகப் பாருங்கள். ஒரு பக்கத்தின் வாயை அடைப்பதற்காகப் பூப்போட்டால், எந்தப் பூ வந்தாலும் மனக்கசப்பு நிற்கும். சிவப்புப் பூ வந்து உத்தரவு இல்லை என்றால் ஒரு வருஷம் காத்திருங்கள், பரவாயில்லை.

எல்லோரும் சம்மதித்தால் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு வாசகம் தருகிறேன். உங்கள் ஊர் வழக்கத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"சாஸ்தாவின் பங்குனி உத்திர பூஜை எப்போதும் போல உத்திரத்தன்றே நடக்கும். அதை ஆண்டுக்கு நான்கு தலைக்கட்டு முறை வைத்து நடத்தும்; அதன் செலவு பொது வரியிலிருந்து போகும். குடும்பக் கொடை ஒவ்வோர் ஆண்டும் சித்திரை மாதக் கடைசிச் சனிக்கிழமை நடக்கும். கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அழைப்பு உண்டு. துக்கத் தீட்டு வந்தால் கொடை அந்த ஆண்டு நிற்கும். வேறு நாளுக்கு மாறாது. மூன்று கொடை முடிந்த பிறகு, உத்திரத்தன்று கோயிலில் கூடி இதைத் தொடர்வதா என்று முடிவு செய்யப்படும். அதற்குள் நாளை மாற்றும் பேச்சு இல்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மூன்று வருஷம் என்றால் மாமனாருக்கும் ஒப்புக்கொள்ள மனம் வரும், ஏனென்றால் கதவு மூடப்படவில்லை. கொழுந்தனாருக்கும் மூன்று கொடை நடத்திக் காட்ட அவகாசம் கிடைக்கிறது. முதல் வருஷம் கூட்டம் குறைவாக இருந்தால் அதைச் சொல்லி யாரும் யாரையும் குத்திக் காட்ட வேண்டாம். புது நாள் மனதில் பதிய இரண்டு வருஷமாவது ஆகும். முதல் அழைப்பிதழில் மாமனார் பெயரை மேலே போடுங்கள். உத்திர பூஜைக்கும் சித்திரைக் கொடைக்கும் சேர்த்து ஒரே அழைப்பிதழாக அச்சடித்து, மாசி பிறந்ததும் எல்லா வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு உத்திர பூஜை முடிந்ததும் திருநீற்றுப் பொட்டலம் தபாலில் போக ஏற்பாடு செய்யுங்கள். அதற்கான தபால் செலவையும் நோட்டில் பொதுக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.